பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய ஆல்பங்கள்

ஆல்பம் என்ற சொல் இசைக்கு வந்தது போட்டோ ஆல்பத்தைப் பார்த்துத்தான். பழைய 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், பெரிய தட்டு என்றால் இன்னும் கொஞ்சம் கூட. நீளமான ஒரு இசையைப் பதிவு செய்தால் அது நாலைந்து தட்டுகளாகச் சிதறும். அந்தத் தட்டுகளை உறை உறையாகத் தைத்த கெட்டி அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். பார்க்க போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் பெயரும் அதுவே ஆனது. 1909இல் ஓடியான் கம்பெனி சைக்காவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' தொகுப்பை நான்கு தட்டுகளாக வெளியிட்டதை இதன் தொடக்கம் என்று சொல்வார்கள். (அதே ஓடியான் தட்டுகளை 1930களில் சென்னையில் விற்றது சரஸ்வதி ஸ்டோர்ஸ். ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்குள் வந்தது அந்தக் கடை வழியாகத்தான்.) 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் எல்.பி.யைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும் ஒற்றைத் தட்டு. அட்டைப் புத்தகம் காணாமல் போனது, பெயர் தங்கிவிட்டது.

ராக், ஜாஸ் ரசிகர்களிடம் கேட்டால் இதற்கு அடுத்த அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். 1960களில் கலைஞர்கள் ஆல்பத்தை ஒரு நாவல் போல வரிசைப்படுத்த ஆரம்பித்தது, முதல் பாட்டு எது, கடைசிப் பாட்டு எது, தட்டைத் திருப்பிப் போடும் இடத்தில் எது என்று மண்டையை உடைத்துக்கொண்டது. நம்ம ஊரில் அந்த அத்தியாயம் வேறு மாதிரி நடந்தது. தமிழில் ஆல்பத்தின் வரிசையைத் தீர்மானித்தவர் பெரும்பாலும் கேட்டவர்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில், நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளில் அது நடந்தது. அந்த வரலாற்றை யாரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியதற்கான ஆதாரமோ பரண்களில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

*

கேசட்டுக்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். இந்தியாவில் 78 வேகத் தட்டுகள் 1960களிலும் அச்சாகிக்கொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகளே 78 தட்டாக வந்த மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பிறகு நான்கு பாட்டு கொள்ளும் சின்னத் தட்டுகளும் எல்.பி.களும் பரவின. ஆனால் அவற்றை வாங்கி வீட்டில் வைத்துக் கேட்க கிராமபோனோ ரெக்கார்ட் பிளேயரோ வேண்டும். அது எத்தனை வீட்டில் இருந்தது? பெரும்பாலானவர்களுக்கு இசைத்தட்டு என்றால் கல்யாண வீட்டு மைக் செட்தான். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, அடியில் தட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மைக் செட்காரர்தான் ஊருக்கே இசையைத் தேர்ந்தெடுத்தவர். சினிமாத் தட்டை முழுசாகப் போடும் வழக்கம் அவருக்குக் கிடையாது. ஐந்து பாட்டில் இரண்டு ஹிட், அந்த இரண்டுதான் ஓடும். 'விதி' (1984) படத்து வசனத்தை ஊர் முழுக்க மனப்பாடம் பண்ண வைத்ததும் இதே குழாய் ஸ்பீக்கர்கள்தான்.

முழுசாகக் கேட்டது பக்தியை மட்டும். 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்தது. அதில் நடுவில் ஓர் இடத்தில் ஊசியை வைத்துக் கேட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். சுவாமியை எழுப்பும் வரிசை அது, முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். கண்ணதாசன் எழுதி எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 'கிருஷ்ண கான'மும் அப்படித்தான். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறினாலும், எங்கள் ஊர்க் கோயிலில் அது முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் ஓடியது. ஒரு தொகுப்பை அதன் வரிசையிலேயே கேட்கும் பழக்கத்தை எங்களுக்குக் கொடுத்தது கோயில்தான்.

*

1963இல் பெர்லினில் நடந்த ஒரு ரேடியோ கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. லூ ஆட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியது. பிறகு அந்த வடிவத்தை மற்ற கம்பெனிகளும் கட்டணம் இல்லாமல் தயாரிக்கலாம் என்று பிலிப்ஸ் விட்டுக்கொடுத்தது. உலகம் முழுக்க ஒரே அளவு கேசட் ஓடியதற்கு இதுதான் காரணம். ஜப்பானில் வாங்கிய நாடா கோவில்பட்டியில் ஓடும்.

எங்கள் பக்கம் அது 1970களின் கடைசியில், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்களின் பெட்டியில் வந்து இறங்கியது. ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன். ஒரு தெருவுக்கு ஒன்று வந்தால் போதும், தெருவே கேட்கும். தட்டுக்கும் கேசட்டுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் விலையும் அளவும் மட்டும் இல்லை. தட்டில் கம்பெனி மட்டும்தான் பதிய முடியும். கேசட்டில் யார் வேண்டுமானாலும் பதியலாம், அழிக்கலாம், திரும்பப் பதியலாம். பீட்டர் மானுவேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் வட இந்தியக் கேசட்டுகளைப் பற்றி 1993இல் ஒரு புத்தகமே எழுதினார். பல பத்தாண்டுகளாக ஒரே பெரிய கம்பெனியின் கையில் இருந்த சந்தையை, கேசட் எப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களின் கைக்கு மாற்றியது என்பதுதான் அவருடைய பேச்சு. தமிழ்நாட்டில் அதற்கும் கீழே இன்னொரு படி இருந்தது, அதுதான் ரெக்கார்டிங் சென்டர்.

உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். எட்டடிக்குப் பத்தடிக் கடை. வாசலில் 'இங்கு ஒலிநாடாக்களில் பாடல்கள் பதிவு செய்து தரப்படும்' என்று போர்டு. உள்ளே சுவர் நிறைய எல்.பி. உறைகள், ஒரு ரெக்கார்ட் பிளேயர், இரண்டு மூன்று டேப் டெக், பச்சையும் சிவப்புமாக லைட் ஏறி இறங்கும் ஈக்வலைசர். கல்லாப் பக்கத்தில் நாலைந்து கெட்டி நோட்டு, படம் வாரியாகப் பாட்டுப் பட்டியலோடு. நாம் வெறும் கேசட் ஒன்று வாங்கி, வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிஷக் கேசட்டை நிரப்ப அறுபது நிமிஷம் பிடிக்கும், குறுக்கு வழி கிடையாது. முன்னால் இருபது பேர் கேசட் காத்திருக்கும். "நாலு நாள் கழிச்சு வா தம்பி" என்பார் கடைக்காரர். நாலு நாள் என்பது எட்டு நாள்.

கணக்கு ரொம்ப முக்கியம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். முப்பது நிமிஷத்துக்குச் சுமார் 86 மீட்டர், அதுதான் ஒரு பக்கம். சினிமாப் பாட்டு சராசரி நாலரை நிமிஷம் என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு ஆறு, மிச்சம் மூன்று நிமிஷம். தொண்ணூறு நிமிஷ கேசட்டும் இருந்தது, ஆனால் அதன் நாடா மெலிசு. "தொண்ணூறு சிக்கும், அறுபதே வாங்கு" என்பது அன்றைய பொது அறிவு. ஆக இரண்டு பக்கமும் சேர்த்துப் பன்னிரண்டு பாட்டு. விரும்புவதோ நூறு. எதை விடுவது என்ற கேள்வியை எங்கள் கையில் கொடுத்தது இந்த 86 மீட்டர்தான்.

எங்கள் வீட்டில் லிஸ்ட் போடுவது அக்கா. அவளுக்கு அப்போது பதினெட்டு, எனக்குப் பன்னிரண்டு. அந்தக் கடை வாசலில் அவளால் நிற்க முடியாது. பையன்கள் கூட்டமாக நிற்கும் இடம், பஸ் ஸ்டாண்ட் வேறு. அதனால் தாள் என் கையில் வரும். கடைக்காரர் மடிப்பைப் பிரிக்கும் முன்பே "அக்கா லிஸ்டா?" என்பார். எங்கள் தெருவில் அப்படிக் கடைக்குள் ஒருமுறைகூடக் காலெடுத்து வைக்காத பெண்கள் போட்ட கேசட்டுகள் எத்தனையோ. தம்பியோ அண்ணனோ தாளைச் சுமந்தார்கள். ஆனால் வரிசையைத் தீர்மானித்தது அவர்கள். ஒருத்தி போட்ட கேசட்டை இன்னொருத்தி இரவல் வாங்கி, அதிலிருந்து நாலு பாட்டைத் தன் லிஸ்டில் சேர்ப்பாள். கேசட் போய்வந்த வீடுகளை வைத்தே தெருவில் யாருக்கு யார் நெருக்கம் என்று சொல்லிவிடலாம்.

அக்காவின் லிஸ்டில் ஒரு ஒழுங்கு இருக்கும். ஏ பக்கம் சந்தோஷத்தில் ஆரம்பித்து மெல்ல அடங்கும். பி பக்கம் முழுக்க ராத்திரி கேட்க. 'ஜானி'யும் 'நிழல்க'ளும் (இரண்டுமே 1980) பக்கத்தில் பக்கத்தில் வராது, "ரெண்டும் ஒரே கனம், சேர்ந்தா திகட்டும்" என்பாள். இசை விமர்சனம் என்ற சொல்லையே அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

*

இந்த ஏற்பாட்டில் ஒரு விபத்து நிரந்தரமாக இருந்தது. கேட்ட பாட்டு கடையில் இருக்காது. இருந்தாலும் தட்டு கீறியிருக்கும். கேசட் வாங்கி வந்து உறைக்குள் இருக்கும் அட்டையைப் பார்த்தால், ஆறாவது வரியில் நாம் எழுதாத ஒரு படத்தின் பெயர் இருக்கும். போய்க் கேட்டால், "அது நம்மகிட்ட இல்ல தம்பி. அதுக்குப் பதிலா இது போட்டிருக்கேன், கேட்டுப் பாரு. பிடிக்கலேன்னா கொண்டா, அழிச்சுத் தாரேன்" என்பார்.

நாங்கள் ஒருமுறைகூட அழிக்கச் சொல்லி எடுத்துப்போனதில்லை. வி. குமார் என்ற இசையமைப்பாளர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான். 'வெள்ளி விழா' (1972), 'அரங்கேற்றம்' (1973) படங்களுக்கு இசையமைத்தவர். அக்கா கேட்டது எல்லாம் இளையராஜா. நடுவில் ஒரு இடத்தில், பத்து வருஷம் பழைய, வேறு ஒருவரின் மெட்டு. முதல் வாரம் அதை ஓட்டித் தள்ளினோம். ஓட்டித் தள்ளினால் அடுத்த பாட்டின் தொடக்கமும் போய்விடுகிறது என்று இரண்டாம் வாரம் கேட்க ஆரம்பித்தோம். மூன்றாம் மாதம் "அவர் பாட்டு இன்னும் ரெண்டு போடச் சொல்லு" என்று தாளில் எழுதினாள். 'தப்புத் தாளங்க'ளின் (1978) விஜயபாஸ்கர், அப்புறம் ஷியாம், எல்லோரும் இப்படிக் கேட்காமலே வந்தவர்கள்தான். எங்கள் தலைமுறையில் பலருக்கு ரசனையின் பாதி கேட்டு வாங்கியது, மீதி 'அதுக்குப் பதிலா இது' வகை.

மிச்சமிருந்த அந்த மூன்று நிமிஷத்தையும் சொல்ல வேண்டும். நல்ல கடைக்காரர் அதைச் சும்மா விட மாட்டார். ஒரு டைட்டில் இசை, ஒரு வயலின் துண்டு, இல்லை ஒரு பாட்டின் முதல் சரணம் வரைக்கும். நாடா முடிந்து 'டக்' என்று பட்டன் எழும்பும்போது பாடகர் பாதி வார்த்தையில் நிற்பார். இன்று ஆப்பில் அதே பாட்டு முழுசாக ஓடும்போது, அந்த இடம் வந்ததும் என் காது இன்னும் அந்த 'டக்'குக்காகக் காத்திருக்கிறது.

*

கேசட் காலத்திலேயே, தமிழர் ஒருவர் போட்ட வரிசையை அப்படியே கேட்டே ஆக வேண்டும் என்ற ஆல்பமும் வந்தது. 1986இல் இளையராஜா 'ஹவ் டு நேம் இட்' வெளியிட்டார். சினிமாப் பாட்டு ஒன்றும் இல்லை, பாடகர்களின் பெயர் அட்டையில் இல்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் நடுநாயகம். தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம். ரெக்கார்டிங் சென்டரில் அதைத் துண்டு போட்டுக் கேட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. பாலு மகேந்திரா தன் 'வீடு' (1988) படத்துக்குப் பின்னணி இசையாக இதையே பயன்படுத்தினார். ஆல்பம் என்று தெரியாமல் படத்தில் கேட்டுவிட்டு, பிறகு கேசட்டைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. 1988இலேயே ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது.

'ஹவ் டு நேம் இட்'டில் இரண்டு இசைத் துண்டுகள் அடுத்தடுத்து வரும். ஒன்றின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அடுத்ததன் பெயர் 'அண்ட் வி ஹேட் எ டாக்'. பாக்கை என் வீட்டில் பார்த்தேன், பேசிக்கொண்டிருந்தோம் என்று இரண்டு தலைப்பும் சேர்ந்தால்தான் ஒரு வாக்கியம். முதல் துண்டில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் தொடக்கப் பகுதி வருகிறது, அதைச் சுற்றி ராஜா தன் சேர்க்கைகளை எழுதுகிறார். விருந்தாளி வந்து உட்கார்ந்துவிட்டார். பேச்சு அடுத்த துண்டில். ஆப்பில் ஷஃபிளில் விட்டால் பாக் வந்ததும் வாசலோடு போய்விடுவார். பேச்சு மட்டும், யாரோடு என்று தெரியாமல், வேறெங்கோ ஒலிக்கும். வரிசை என்பது அலங்காரம் இல்லை என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியாது. இசையமைப்பாளர் போட்ட வரிசைக்கு இது உண்மை என்றால், ஒரு பதினெட்டு வயதுப் பெண் போட்ட வரிசைக்கும் அது உண்மைதான்.

*

இனி கசப்பான பக்கம். ரெக்கார்டிங் சென்டர் செய்தது திருட்டு. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தினார்கள். கேசட்டும் வீடியோவும் கொண்டுவந்த திருட்டுப் பதிவுதான் காரணம். அந்தத் திருத்தத்தின்படி ஒவ்வொரு ஒலிப்பதிவின் உறையிலும் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிமையாளர் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு எல்லாம் அச்சிட வேண்டும். மீறினால் மூன்று வருஷம் வரை சிறை. எங்கள் கேசட் அட்டையில் இருந்தது ஒரு பிள்ளையார் சுழி, பன்னிரண்டு படப் பெயர்கள், பக்கத்தில் 'எஸ்.பி.பி.', 'எஸ்.ஜா' என்று சுருக்கெழுத்து. எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வாசித்த வயலின்காரருக்கும் அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை. நாங்கள் கொண்டாடிய ஆட்களின் உழைப்பை வைத்துத்தான் அந்தக் கொண்டாட்டமே நடந்தது.

ஆனால் இதே கணக்கில் இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார், வயது 27. ஒரு சினிமாவிலும் நடிக்கவில்லை. அவர் மேடையில் பாடியது கேட்டவர்களோடு போய்விட்டது. இன்று நமக்கு இருப்பது இசைத்தட்டுகளில் உள்ள குரல் மட்டும். அந்தத் தட்டுகள் உடையும் சாமான். வி.ஏ.கே. ரங்காராவ் போலப் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்துப் பேணியவர்களாலும், அவற்றை நாடாவில் ஏற்றிக் கைமாற்றியவர்களாலும்தான் அந்தக் காலத்துக் குரல்கள் பல நம் காதுக்கு வந்து சேர்ந்தன. மூலப் பிரதி எங்கேயோ கம்பெனிக் கிடங்கில் பத்திரமாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2008 ஜூன் 1 அன்று கலிபோர்னியாவில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்தபோது மூல ஒலிநாடாக்கள் இருந்த கிடங்கும் எரிந்தது. எவ்வளவு போனது என்ற பேச்சே 2019இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் வெளியில் வந்தது. உலகத்தின் பெரிய இசை நிறுவனம் ஒன்றின் கிடங்குக்கே அந்தக் கதி. கைமாறிய பிரதிதான் பல சமயம் கடைசிப் பிரதி.

*

ரெக்கார்டிங் சென்டரைச் சாகடித்தது சட்டம் இல்லை, எம்பி3 சிடி. 2000 வாக்கில் ஒரே வட்டில் 150 பாட்டு வந்தது. பன்னிரண்டு மணி நேரம். எதையும் விட வேண்டியதில்லை, எந்த வரிசையும் தேவையில்லை. எங்கள் ஊர்க் கடைக்காரர் முதலில் அதை விற்றார், பிறகு செல்போன் ரீசார்ஜ், பிறகு கடையில்லை.

இப்போது மதுரையில் நாங்கள் ஐந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம். மைக் செட் வைத்திருந்த ஒருவர், தபால் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு கல்லூரி மாணவி, நான். யாராவது ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய கேசட்டைக் கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் முழுசாக, நிறுத்தாமல் கேட்போம். முப்பது நிமிஷம் யாரும் போனை எடுப்பதில்லை. டெக்கைப் பார்த்துக்கொள்வது மைக் செட்காரர். ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு மெஷினில் பதிந்தது, ஹெட்டின் சாய்வு சரியாகப் பொருந்தாது, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது மாதிரி மங்கிக் கேட்கும். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை அவர் கண்ணை மூடிக்கொண்டு அரைக்கால் சுற்று திருப்புவார். திடீரென்று தபேலாவின் விளிம்பும் ஜால்ராவும் தெளியும். அந்த ஒரு விநாடிக்காகவே வரலாம்.

போன ஆண்டு ஒரு கேசட்டில் பி பக்கம் கடைசிப் பாட்டு முடிந்ததும் நாடா நிற்கவில்லை. கொஞ்சம் இரைச்சல், பிறகு ஓர் ஆணின் குரல். வெளிநாட்டிலிருந்து மனைவிக்குப் பேசி அனுப்பியது. அந்தக் காலத்தில் கடிதத்துக்குப் பதிலாக இப்படிக் கேசட்டில் பேசி அனுப்புவது உண்டு. அதன் மேல் யாரோ பாட்டு பதிந்திருக்கிறார்கள், கடைசி அரை நிமிஷம் மட்டும் தப்பியிருக்கிறது. வெயிலைப் பற்றிச் சொன்னார். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டார். அதோடு முடிந்தது. யார் என்று கேசட் கொண்டுவந்தவருக்கும் தெரியவில்லை, பழைய கடையில் மொத்தமாக வாங்கியது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்தப் பகுதியை யாருக்கும் அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். அழிப்பதில்லை என்றும்.

மாணவி அன்று ஒரு நியாயமான கேள்வி கேட்டாள். "சார், இந்தப் பாட்டெல்லாம் ஆப்ல இதைவிட நல்லாவே இருக்கே. எதுக்கு இந்த இரைச்சலோட சேர்த்து வைக்கணும்? ஆப்ல இல்லாத பாட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கலாமே?" தபால்துறைக்காரரும் அவள் பக்கம். வெட்டி, பெயர் வைத்து, அடுக்கிவிடலாம் என்றார். அது அவருடைய தொழில் புத்தி.

பாட்டுகள் ஆப்பில் இருக்கின்றன, உண்மை. ஆப்பில் இல்லாதது ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் உள்ள உறவு. நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. சமையலறையில் ரேடியோவில் ஒரு பழைய பாட்டு முடியும். அறிவிப்பாளர் பேச ஆரம்பிக்கும் முன் அக்கா அடுத்த பாட்டை முனகத் தொடங்கியிருப்பாள். அது ரேடியோவில் வரப்போகும் பாட்டு இல்லை, அவள் கேசட்டில் அதற்கு அடுத்து இருந்த பாட்டு. வேறு படம், வேறு பாடகி, சில சமயம் கடைக்காரர் மாற்றிப் போட்ட வி. குமார். அந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது உலகத்தில் அந்த ஒரு கேசட் மட்டும்தான். வெட்டி அடுக்கினால் பன்னிரண்டு பாட்டும் மிஞ்சும், அவள் மிஞ்ச மாட்டாள்.

அதனால் நாங்கள் ஒரு பக்கத்தை ஒரே கோப்பாகத்தான் ஏற்றுகிறோம். இடைவெளி, இரைச்சல், பாதியில் நிற்கும் பாட்டு எல்லாம் சேர்த்து. அட்டையை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கலாம். இருந்தால் உடனே போட்டுக் கேட்காதீர்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை, ஓட விட்டால் டெக்குக்கும் பரவும், தெரிந்தவரிடம் காட்டிச் சுத்தம் செய்யுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால், ஸ்க்ரூ உள்ள வேறு ஒரு கேசட் ஓட்டுக்குள் நாடாவை மாற்றிக்கொள்ளலாம். முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள், அப்புறம் தவறிப்போய் யாரும் மேலே பதிய முடியாது. அப்புறம், லிஸ்ட் போட்டவர் உயிரோடு இருந்தால் ஏன் இந்த வரிசை என்று கேட்டு எழுதி வையுங்கள். அதைத்தான் எந்த மெஷினாலும் மீட்க முடியாது.

வெட்டலாம் என்று சொன்ன மாணவிதான் எங்கள் குழுவுக்கு ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தாள். மாதா மாதம் ஒருவர் முப்பது நிமிஷத்துக்குள் அடங்கும் ஒரு லிஸ்டை இன்னொருவரிடம் தாளில் எழுதித் தர வேண்டும். வாங்கியவர் அதில் ஒரு பாட்டை அடித்துவிட்டு, கேட்காத ஒன்றைப் போட்டு, பதிந்து தர வேண்டும். எதை எடுத்தோம், எதைப் போட்டோம் என்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது. இந்த மாதம் அவள் லிஸ்ட் என்னிடம் வந்திருக்கிறது. ஆறு பாட்டில் நாலு நான் கேள்விப்படாதவை, இரண்டு பாடகர்களுக்கு என் மகன் வயதுகூட இருக்காது. நாலாவது பாட்டை அடித்திருக்கிறேன். அந்த இடத்தில் 'அரங்கேற்றம்' வருகிறது.